ஐடிஐ முடித்த பையனுக்கு கம்பெனியில் மறுபடியும் ஏன் பயிற்சி?

கேள்வி: "ஐடிஐ முடித்துவிட்டு வருகிற பையனுக்கு கம்பெனியில் மறுபடியும் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அரசு கோடிக்கணக்கில் செலவு செய்தும் இது ஏன் மாறவில்லை? எதைச் சரிசெய்ய வேண்டும்?"

பணம் பெரும்பாலும் இயந்திரம் வாங்கப் போகிறது. கை பழகுவதோ வெல்டிங் ராடையும் தகட்டையும் தீர்த்துத்தான். அந்தத் தீர்ந்துபோகும் சாமானுக்கு ஒதுக்கும் தொகையில்தான் இழுபறி.

வெல்டர் டிரேடை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். ஒரு வருடப் படிப்பு, ஒரு யூனிட்டில் (ஒரு வகுப்புக் குழுவில்) 20 பேர். 2022இல் திருத்திய பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 1,200 மணி நேரம்: செய்முறை 840, தியரி 240, வேலைத்திறன் 120. 840 மணி நேரம் என்பது குறைவே இல்லை. ஆனால் 3.15 மி.மீ. கனம், 350 மி.மீ. நீளமுள்ள ராடு 110 ஆம்பியரில் எரிந்து முடிய ஒரு நிமிடம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. ஆளுக்கு நாளைக்கு 10 ராடு கிடைத்தால் அன்று ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) எரிந்தது பத்துப் பன்னிரண்டு நிமிடம். வருடத்தில் 150 செய்முறை நாள் என்று வைத்தாலும் மிஞ்சிப்போனால் மொத்தம் 30 மணி நேரம். மீதியெல்லாம் தகடு வெட்டுவது, கிரைண்டிங் பிடிப்பது, ஸ்லாக் (வெல்டு மேல் படியும் கசடு) தட்டுவது, வெல்டிங் பூத் காலியாகும்வரை காத்திருப்பது. இந்த 10 ராடு கொடுக்கவே 20 பேருக்கு நாளொன்றுக்கு 200 ராடு, அதாவது ஆறு கிலோ அளவுக்குத் தேவை. தகடு தனிக்கணக்கு. கொள்முதல் இழுத்துக்கொண்டே போய் பாதி வருடம் கழித்து ராடு வந்தால் அந்த 30 மணி நேரமும் பாதியாகிவிடும்.

வந்த ராடையும் ஒழுங்காக வைக்கவேண்டும். பிரித்த பாக்கெட் மழைக்காலத்தில் ஸ்டோரில் கிடந்தால் ராடின் மேல்பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெல்டில் பொடிப்பொடியாகத் துளை விழும், ஆர்க் சடசடக்கும். பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு கோணத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பான். சாதாரண 6013 வகை ராடை 100 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் காயவைத்தாலே போதும். 7018 போன்ற குறை ஹைட்ரஜன் ராடுக்கு 300 டிகிரிக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். அதற்கு ஓவன் இருந்து, அது வேலையும் செய்யவேண்டும்.

அடுத்தது மதிப்பீடு. வெல்டை மேலோட்டமாகப் பார்த்து மார்க் போடுவது எளிது. மேலே அழகாக மீன் செதில் மாதிரி வரி விழுந்திருக்கும், உள்ளே ரூட் (வெல்டின் அடிவேர்) உருகியே இருக்காது. எக்ஸ்ரே எல்லாம் தேவையில்லை. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை T போல நிறுத்தி, மூலையில் ஒரு பக்கம் மட்டும் வெல்டு (ஃபில்லட்) போட்ட டீ ஜாயின்ட்டை வைஸில் கவ்வி, வெல்டு இருக்கும் பக்கமாகச் சாயும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து உடைத்தால் போதும். வேரில் இரண்டு தகடும் உருகிச் சேர்ந்ததா, ஸ்லாக் சிக்கியதா என்று உடைந்த முகத்திலேயே தெரியும். விளிம்போடு விளிம்பு சேர்த்த பட் ஜாயின்ட் என்றால் பட்டையாக வெட்டி வளைத்துப் பார்க்கலாம். செலவு இல்லாத இந்தப் பரிசோதனையை வாரம் ஒரு தடவை கட்டாயமாக்கினால் ஒரு புதிய கட்டடம் தருவதைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்பது என் கருத்து. இப்போதைய தேர்வில் செய்முறைக்குத் தேர்ச்சி 60 சதவீதம், தியரிக்கு 33. அளவு என்னவோ கறாராகத்தான் இருக்கிறது. எதைப் பார்த்து அந்த 60 போடப்படுகிறது என்பதில்தான் ஓட்டை.

ஃபிட்டர் டிரேடிலும் இதே கதைதான். ஒன்றுக்குள் ஒன்று செருகும் துண்டுகளின் (ஆண்/பெண்) பொருத்தத்தை 0.04 மி.மீ.க்குள் ராவிக் கொண்டுவரச் சொல்கிறது பாடம். பல் மழுங்கிய அரத்தாலும் தேய்ந்த வெர்னியராலும் அந்த அளவு வராது. வந்ததாக எழுதத்தான் முடியும். 'சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) காலத்தில் அரம் எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. டையிலோ (அச்சு) ஜிக்கிலோ (துண்டைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) அரை நூல் தட்டினால் சரிசெய்வது இன்னும் கைதான்.

பயிற்றுநர் பக்கம் வருவோம். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து, ஒரு வருடப் பயிற்றுநர் படிப்பும் முடித்து, வகுப்பறைக்கு வந்து பதினைந்து வருடம் ஆனவர் அதன்பின் தொழிற்சாலைக்குள் போக வாய்ப்பே அமையவில்லை என்றால் அவர்மேல் குறை சொல்லிப் பயனில்லை. ராடு பிடித்த இடத்தில் சிஓ2 வெல்டிங்கும் (ராடுக்குப் பதில் கம்பிச்சுருள் ஓடும் முறை) ரோபோவும் வந்துவிட்டன. வருடத்துக்கு மூன்று வாரம் அவரை ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் நிறுத்துவதைப் பதவி உயர்வோடு கட்டிவிட்டால் தானாக நடக்கும். காலியிடத்தைத் தொகுப்பூதிய ஆட்களை வைத்து ஒட்டுப்போடுவதும் நிற்கவேண்டும். கை தேர்ந்த வெல்டருக்கு வெளியே அதைவிட அதிகச் சம்பளம் கிடைக்கும்போது அவர் ஏன் வருவார்?

அரசு எதுவும் செய்யவில்லை என்பது சரியல்ல. தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐடிஐகளில் தொழில் 4.0 மையங்கள் வந்தன. ரோபோ, உயர்நிலை சிஎன்சி, மின் வாகனம் எல்லாம் உண்டு. மத்திய அரசு 2025இல் 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்த ரூ.60,000 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மாதம் ரூ.750 உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் இருப்பதால்தான் பல பிள்ளைகள் படிக்கவே வருகிறார்கள். ஆனால் சிஎன்சிக்கு டூல் இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று தொடர்ச்செலவு இருக்கிறது. முதல் சில வருடத்துக்குப் பிறகு அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாத இடத்தில் இயந்திரம் உறை போர்த்தி நிற்கும்.

பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 150 மணி நேரம் தொழிற்சாலைப் பயிற்சியும் இருக்கிறது. எட்டு மணி ஷிப்டில் 19 நாள். இடம் கிடைக்காவிட்டால் குழு புராஜெக்ட் செய்யலாம் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். எளிய வாசல் திறந்திருக்கும்போது எல்லோரும் அதில்தான் போவார்கள்.

உண்மையில் குறையை ஈடுகட்டுவது அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகும் பயிற்சிதான். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ், 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019 திருத்தத்தில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை ரூ.7,000 ஆனது. கோளாறு எங்கே என்றால், அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். அதனால் பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. மலிவாகக் கிடைக்கும் கை என்று ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட்டை வருடம் முழுக்க முறுக்கவைக்கும் இடங்கள் இருக்கின்றன. அதில் அவன் கற்றது ஒரு போல்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றி, பதிவேட்டில் என்ன செய்தான் என்று மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடவேண்டும். உதவித்தொகையில் அரசு தரும் பங்கை அந்தப் பதிவேட்டைப் பார்த்தே விடவேண்டும். சீர்திருத்தம் என்று ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

வீட்டில் யாராவது ஐடிஐ சேரப்போகிறார்கள் என்றால், சேர்க்கைக்கு முன்னால் ஒர்க்‌ஷாப்பை ஒருமுறை சுற்றிப்பாருங்கள். இயந்திரங்களை எண்ணாதீர்கள், எத்தனை ஓடுகின்றன என்று கேளுங்கள். வெல்டிங் பூத்துக்குப் பின்னால் ஸ்கிராப் குவியலில் இரண்டு பக்கமும் வெல்டு போட்டு நிரப்பிய தகடுகள் கிடந்தால் நல்ல அறிகுறி. தரை துடைத்த மாதிரி இருந்தால் யோசியுங்கள். தனியார் ஐடிஐ என்றால் அந்த டிரேடுக்கும் அந்த யூனிட்டுக்கும் தேசியச் சான்றிதழுக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்கவேண்டும். நிறுவனத்துக்கு இருந்தால் எல்லா டிரேடுக்கும் இருப்பதாக அர்த்தமில்லை.

படித்து முடித்தபின் கம்பெனி 'டிரெய்னி' என்று ஆர்டர் கொடுத்தால் அதை அப்ரண்டிஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகி, பதிவு எண் வந்திருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் வருட முடிவில் தேர்வும் கிடையாது, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடையாது. கையில் மிஞ்சுவது கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஓர் அனுபவக் கடிதம் மட்டும்.