படம் வரைகிற பெண்ணை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மா,

மும்பை செம்பூரிலிருந்து வந்து மகளின் இரண்டு நோட்டுகளை என் மேசையில் வைத்தீர்கள். "இதை வைத்துப் பிழைக்க முடியுமா சார்?" என்று கேட்டீர்கள். நோட்டுகளை நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முகங்களை நன்றாகவே வரைகிறாள். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேறு பக்கம். ஹார்பர் லைன் ரயிலில் ஒரு பாட்டி ஜன்னல் சீட் பிடிப்பதை ஆறு கட்டங்களில் சொல்லியிருக்கிறாள். பாட்டி ஓடுவதை வரையவே இல்லை. ஒரு கட்டத்தில் பை சீட்டில் விழுகிறது, அடுத்த கட்டத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நடந்தது நமக்கே புரிகிறது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் இந்தப் புத்திதான் படக்கதைக்கு உயிர். கை பழகப் பழக வரும், இது எல்லோருக்கும் எளிதில் வராது.

வேலையும் இதற்குத்தான் கிடைக்கிறது. முப்பது விநாடி விளம்பரத்துக்கும் ஷூட்டிங்குக்கு முன்னால் ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட் ஷாட்டாகக் காட்சிகளைக் கட்டங்களில் காட்டும் படம், வரையச் சொல்கிற ஊர் இது. அனிமேஷன், கேம், குழந்தைகள் புத்தகம் என்று வேறு வழிகளும் உண்டு. 1967-இல் அமர் சித்ர கதா படக்கதை வரிசையும் 1980-இல் டிங்கிள் என்ற சிறுவர் காமிக்ஸ் இதழும் பிறந்தது மும்பையில்தான். ஆனாலும் காமிக்ஸ் மட்டுமே வரைந்து குடும்பம் நடத்துவது கடினம், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

சரி, எங்கே படிப்பது? சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளி வளாகம். அங்கே அப்ளைடு ஆர்ட்டைப் பாருங்கள், விளம்பரம், புத்தகம் போன்றவற்றுக்கு வரையக் கற்றுத்தரும் படிப்பு அது. பவாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் பள்ளியான ஐ.டி.சி.யில் டிசைன் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. வேண்டாம், யூசீட் என்ற டிசைன் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டாவதில் எந்தப் பிரிவு படித்தவர்களும் எழுதலாம், கையால் வரைகிற பகுதியும் உண்டு. விதிமுறைகளை அந்தந்த வருட அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இந்த விடுமுறையில் எட்டுப் பக்கக் கதை ஒன்றை அவள் முழுதாக முடிக்கட்டும். விலை உயர்ந்த டேப்லெட் இப்போது வேண்டாம், பென்சிலும் பேப்பரும் போதும். முதலில் பக்கத்தின் அமைப்பைக் காட்டும் குட்டிக் குட்டி மாதிரிப் படங்கள் (தம்ப்நெயில்), அப்புறம் பென்சில், கடைசியில் மை, வசனம். அடித்துத் திருத்திய தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். எப்படி யோசித்தாள் என்பதைக் காட்டுவது அவைதான், தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் அவற்றுக்கும் இடம் உண்டு. ஆரம்பித்ததை முடிக்கிறாளா என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

படிப்பு முடிந்த முதல் சில வருடங்கள் வருமானம் ஏறி இறங்கும். அட்வான்ஸ் எவ்வளவு, பேசிய தொகைக்குள் எத்தனை திருத்தம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கும் பழக்கத்தை மாணவியாக இருக்கும்போதே அவள் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்கு வழக்கில் நீங்கள் கெட்டிக்காரர், இதை நீங்களே சொல்லிக்கொடுக்கலாம்.

விடுமுறை முடிந்ததும் அந்தப் பக்கங்களோடு வாருங்கள், எட்டும் முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த முறை அவளையும் கூட்டிவாருங்கள். அவளிடம் நேரில் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.