பட்டியல் தர மாட்டேன்

கேள்வி: 'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் உண்டு என்று படித்தேன். பத்தாம் வகுப்பில் இருக்கும் என் மகன் மனப்பாடம் செய்ய வசதியாக, முக்கியமானவற்றைப் பட்டியலிட்டுத் தருவீர்களா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தர மாட்டேன். 'மனப்பாடம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே கோபம் வந்துவிட்டது. நோட்ஸ் அச்சடித்து விற்பவர்களோடு எனக்குள்ள சண்டை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு சொல், எதிரே ஒரே ஒரு பொருள் என்று அச்சிட்டுப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள். 'ரன் என்றால் ஓடு' என்று மட்டும் உருப்போட்ட பிள்ளை, 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்ற வாக்கியத்தைக் கண்டால், மூக்கு எங்கே ஓடுகிறது என்று திகைக்காமல் என்ன செய்யும்?

645 என்ற கணக்கு சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உழைத்தார். 1989 பதிப்பில் 'செட்' முன்னணியில் இருந்தது. அதை இது முந்திவிட்டது. கடை நடத்துவது, துணியில் சாயம் இறங்குவது, வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோவது, பழைய நண்பரை வழியில் எதேச்சையாகச் சந்திப்பது எல்லாமே 'ரன்'தான். பின்னால் ஒட்டிக்கொள்ளும் 'அவுட்', 'இன்டு' போன்ற சின்னஞ்சிறு சொற்கள் பொருளைப் புரட்டிப் போடுகின்றன. தேர்தலிலோ, அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்கிறார். இங்கிலாந்து வேட்பாளர் நம்மவரைப் போலவே நிற்கிறார்.

உங்கள் மகன் மிரள வேண்டியதில்லை. படம் நூறு நாள் ஓடியது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஏதோ பொழுது ஓடுகிறது – இவற்றையெல்லாம் எந்தப் பட்டியலைப் பார்த்து அவன் கற்றான்? பிறர் பேசக் கேட்டுக் கேட்டே வந்தன.

அந்த அகராதியைச் செய்தவர்களும் வாக்கியங்களைத்தான் தேடினார்கள். 1879-இல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே, புத்தகங்களைப் படித்து, சொற்கள் பயிலும் வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. மனநோயால் காப்பகத்தில் அடைபட்டிருந்த மைனர் என்ற மருத்துவர், அங்கிருந்தபடியே ஆயிரக்கணக்கில் எழுதி அனுப்பினார். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்கிய மரே, 1915-இல் இறக்கும்போது அகராதி முடியவில்லை. முடிய 1928 ஆயிற்று. நான் கையெடுத்துக் கும்பிடும் மனிதர்களில் அவர் ஒருவர்.

மகனிடம் ஒரு வெற்று நோட்டும் ஆங்கிலச் செய்தித்தாளும் கொடுங்கள். 'ரன்' வரும் வாக்கியம் கண்ணில் பட்டால், முழு வாக்கியத்தையும் எழுதி வைக்கட்டும். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ரன்-அப், ரன்-அவுட், ரன்-ரேட் மூன்றும் முதல் நாளே கிடைத்துவிடும்.