குளம் பார்க்கச் சைக்கிளில் போகிறீர்களா? தையில் மேற்கே பார்த்து மிதியுங்கள்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் நானும் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனும் கோவையிலிருந்து கிளம்பி, சூலூர், நஞ்சராயன் குளம், வெள்ளோடு என்று குளங்களைப் பார்த்துக்கொண்டே மூன்று நாளில் கொடுமுடி வரை சைக்கிளில் போக நினைக்கிறோம். இருவரிடமும் கியர் சைக்கிள் இருக்கிறது. ஒரே நாளில் 30 கிலோமீட்டருக்கு மேல் இதுவரை போனதில்லை. நிலம் கிழக்கே சரிகிறது, அதனால் இந்தத் திசையே எளிது என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
- கோவை வாசகி

பதில்: நிலத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலும் ஈரோடு சுமார் 180 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆனால் 230 மீட்டர் இறக்கம் ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் சொச்சம். அதை உங்கள் கால் உணராது. காற்றை உணரும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் கொங்கு நாட்டுக் காற்றின் வாசல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அம்மியை நகர்த்தும் காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். மார்கழி, தையில் காற்று திரும்பிவிடும். கிழக்கிலிருந்து வந்து அதே கணவாயை நோக்கிப் போகும். விடியலில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். பழக்கமில்லாத பையன் மூன்று மணி நேரம் எதிர்காற்றில் மிதித்தால், மறுநாள் சைக்கிளைத் தொடவே மாட்டான். ஆகவே பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: கொடுமுடியில் தொடங்கிச் சூலூரில் முடியுங்கள். காலைச் சூரியனும் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் அது கண்ணில் குத்தும் என்பதால் இரண்டு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஆடியில் போவதாயிருந்தால் நண்பர்கள் சொன்ன திசையே சரி.

மூன்று நாள் போதாது, நான்கு நாள் வையுங்கள். 30 கிலோமீட்டர் பழகியவர்களுக்கு 40 கிலோமீட்டர் கடினமில்லை. 60 கிலோமீட்டர் என்றால் குளத்துக்குப் போய்ச் சேர்வீர்கள், குளத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

முதல் நாள் கொடுமுடியிலிருந்து ஊஞ்சலூர், பாசூர் வழியாக ஈரோடு. இந்தப் பாதைக்கு அருகிலேயே காளிங்கராயன் வாய்க்கால் ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இந்த வாய்க்கால், பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன் உள்ள அணைக்கட்டில் தொடங்கி, கொடுமுடிப் பக்கம் நொய்யல் ஆற்றில் முடிகிறது. பாம்பு போன வழியே வெட்டினார்கள் என்று ஊரில் கதை உண்டு. உண்மையில் மேட்டில் ஏறாமல், பள்ளத்தில் விழாமல், நிலத்தின் சம உயரத்தைப் பிடித்துக்கொண்டு போவதால்தான் அத்தனை வளைவு. நேர்வழியில் அதில் பாதியளவே இருக்கும் தூரத்தை அது ஏறத்தாழ 90 கிலோமீட்டராகச் சுற்றிக் கடக்கிறது. கரையிலேயே முழுவதும் போகலாம் என்று ஆசைப்பட்டால் அன்றே ஈரோடு சேர மாட்டீர்கள். தார்ச்சாலையில் போய், மஞ்சளும் வாழையும் நெல்லும் கண்ணில் படும் இடத்தில் கரைக்கு இறங்கி ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அது போதும், அதுவே அழகு.

இரண்டாம் நாளை வேண்டுமென்றே சிறியதாக வையுங்கள்: ஈரோட்டிலிருந்து வெள்ளோடு, அங்கிருந்து சென்னிமலை. எல்லாம் சேர்ந்து 30 கிலோமீட்டருக்குள்தான். விடியற்காலையில் வெள்ளோட்டுப் பெரியகுளத்தில் இருக்க வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம் இது. சுமார் 77 ஹெக்டேர். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாவற்றையும் பையன் இங்கேயே அடையாளம் பழகிக்கொள்ளலாம். இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக் கூடப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. அந்த மரியாதையை நீங்களும் காட்டுங்கள்: சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள், மணியடிக்காதீர்கள். சென்னிமலையில் தங்க இடம் கிடைக்கும். ஆனால் உங்கள் தேதி தைப்பூசத்தை ஒட்டி வந்தால் முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போகாதீர்கள்.

மூன்றாம் நாள் சென்னிமலையிலிருந்து ஊத்துக்குளி வழியாகத் திருப்பூர், 40 கிலோமீட்டர் அளவு. திருப்பூருக்குச் சற்று முன்னால், சர்க்கார் பெரியபாளையத்தில் இருக்கிறது நஞ்சராயன் குளம். 2024 ஆகஸ்டில் இதுவும் ராம்சர் தலமானது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் குளிர்காலத்தில் இங்கே பார்த்திருக்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உங்களுக்கும் தென்படும். நான்காம் நாள் மங்கலம், சாமளாபுரம், சோமனூர் வழியாகச் சூலூர். சாமளாபுரம் குளக்கரையில் கண்டிப்பாக நில்லுங்கள். சூலூரிலிருந்து கோவைக்குள் உங்கள் பையனைச் சாலையில் ஓட்டிவர விடாதீர்கள்; வீட்டிலிருந்து யாராவது வண்டி கொண்டுவரட்டும். அவிநாசி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையையும் நான்கு நாளும் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கையில் வடிகட்டிப் புட்டி இருக்கிறது என்று திருப்பூருக்குக் கீழே நொய்யல் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். வடிகட்டி கிருமியை நிறுத்தும்; சாய நீரில் கரைந்திருக்கும் உப்பை நிறுத்தாது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அதே விவசாயிகள் அதை எதிர்த்து நிற்கவேண்டி வந்த நாடு இது. குடிநீரை ஊர்களில் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். குளத்தில் இறங்கவும் வேண்டாம். வண்டல் மண் எடுத்த குழிகள் நீருக்கடியில் தெரியாது. கரையோரம் முழங்கால் ஆழம், இரண்டடி தள்ளினால் ஆளை முழுக்கும். வாய்க்காலில் கால் நனைப்பதென்றால் படித்துறையில் மட்டும். காங்கிரீட் சரிவு போட்ட வாய்க்காலில் வழுக்கி விழுந்தவர் ஏறப் பிடிமானம் இருக்காது.

இனி உங்கள் சைக்கிள். கொங்கு நாட்டுக் குளக்கரையில் உங்கள் முதல் எதிரி சீமைக்கருவேல முள். வெட்டிப்போட்ட கிளை காய்ந்து கிடந்தால் ரப்பர் காலணியையே துளைக்கும். இருபுறமும் வேலி கட்டிய மண்பாதைகளான இட்டேரிகளில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். ஒல்லி டயர் வேண்டாம். 38 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் போடுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பி, கைப்பம்பு. பஞ்சரானதும் புது டியூபை மாட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்முனையை எடுத்த பிறகே மாட்டுங்கள். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் அதே இடத்தில் அடுத்த பஞ்சர்.

டியூபின் வால்வையும் இன்றே பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள். கிராமத்துக் கடையில் அது கிடைக்காது. அளவிலும் ஏமாறாதீர்கள். சாதாரண சைக்கிளின் 26 அங்குல டயரும் மலைச் சைக்கிளின் 26 அங்குல டயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. விளிம்பின் விட்டம் ஒன்றில் 590 மில்லிமீட்டர், மற்றதில் 559. ஆகவே டயர் கிழிந்தால் கடையை நம்பியிருக்க முடியாது. கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்று கொண்டுபோங்கள்.

மழை பெய்தால் கரிசல் மண் கரைகளை அன்று விட்டுவிடுங்கள். மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும்.

தோட்டத்துச் சாளைகளின் (தோட்ட வீடுகளின்) நாய்கள் துரத்தும். வேகமெடுக்காதீர்கள், இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட வேண்டும். கடி சின்னதுதானே என்று தள்ளிப்போடக் கூடாது.

பட்டிப்பொங்கலுக்கு (மாட்டுப்பொங்கலுக்கு) மறுநாள் பூப்பறிக்கும் நோன்புக்காக ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் ஊரே கூடும். அந்தக் கூட்டத்தையும் கும்மியையும் உங்கள் மகன் பார்க்க வேண்டும். அன்று ஓட்டும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடிக்குச் சைக்கிளைக் கொண்டுபோக ரயிலை நான் பரிந்துரைக்கவில்லை. லக்கேஜாகப் பதிவு செய்யலாம்தான்; ஆனால் சிறிய நிலையங்களில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் இரண்டு சைக்கிளை இறக்குவது பதற்றம். குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) ஒன்றைப் பேசி, முதல்நாள் மாலையே கொடுமுடி போய்த் தங்கிவிடுங்கள். சைக்கிளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கியர் இருக்கும் வலதுபக்கம் எதன்மீதும் சாயக் கூடாது.