வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மேசையில் ஒரு வெப் சர்வர்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி போர்டை வாங்கி, ஒரு காணொளியைப் பார்த்து அதில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிரலை நிறுவினேன். 192.168.1.25 என்ற முகவரியை என் மடிக்கணினியில் தட்டினால் பக்கம் வருகிறது. அதே முகவரியைத் தோழிக்கு அனுப்பினேன்; அவள் வீட்டில் திறக்கவில்லை. நான் எங்கே தவறு செய்தேன்? இவ்வளவு சிறிய போர்டு இந்த வேலைக்குப் போதுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உங்கள் வீட்டு ரவுட்டர் வீட்டுக்குள் மட்டும் பங்கிட்டுக் கொடுப்பவை. தோழியின் வீட்டு ரவுட்டரும் இதே வரிசை எண்களைப் பங்கிட்டுக் கொண்டிருக்கக்கூடும் என்பதால், அவர் அந்த எண்ணைத் தட்டும்போது அவருடைய உலாவி அவர் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறது.

போர்டு தாராளமாகப் போதும். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் 256 எம்பி நினைவகம்தான் இருந்தது; அதிலும் சர்வர் ஓட்டிக் கற்றவர்கள் பலர். சர்வர் என்பது ஒரு பெட்டியின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 80 என்ற போர்ட்டில் (கணினிக்குள் வரும் இணைப்புகளுக்கான எண்ணிட்ட வாசல்) காத்திருந்து, யாராவது ஒரு கோப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் நிரலைத்தான் வெப் சர்வர் என்கிறோம். படமும் எழுத்தும் கொண்ட சாதாரணப் பக்கங்களை எடுத்துக் கொடுப்பதற்கு உங்கள் போர்டின் வலுவில் சிறு பங்குகூடச் செலவாகாது.

தோழிக்குக் காட்டும் ஆசையைச் சில வாரங்கள் ஒத்திப்போட்டு, வீட்டுக்குள் ஓடும் அந்த சர்வரை முதலில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். காணொளியைப் பார்த்துக் கட்டளைகளை அப்படியே தட்டியவருக்குப் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் அது ஏன் வந்தது என்பது தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் சிறந்த இடம் என்ஜின்எக்ஸ் எழுதிவைக்கும் அணுகல் பதிவேடு. 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'என்ஜின்எக்ஸ்' என்று போனால் அது இருக்கும். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் 'டெயில்' கட்டளையால் அதைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்திலேயே மடிக்கணினியின் உலாவியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை முதன்முறை திறந்ததும் ஒரு வரி விழும்: கேட்டவரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட கோப்பு, 200 என்ற எண். 200 என்றால் 'கொடுத்துவிட்டேன்' என்று பொருள். அதே பக்கத்தைப் புதுப்பித்தால் பெரும்பாலும் 304 வரும். 'கோப்பு மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே காட்டிக்கொள்' என்று சர்வர் உலாவிக்குச் சொல்கிறது. நீங்கள் கேட்காத ஒரு கோப்புக்காக 404 என்ற வரியும் விழக்கூடும். உலாவித் தாவலில் காட்டும் குட்டிப் படத்தை உலாவி தானாகவே கேட்டுப் பார்த்து, அது இல்லை என்று பதில் வாங்கியிருக்கிறது. இந்த மூன்று எண்களும் ஏன் வந்தன என்று உங்களால் சொல்ல முடிந்தால், பல காணொளிகள் தராத பாடம் கைவந்துவிட்டது என்று நான் சொல்வேன்.

அடுத்து, 'வார்' கோப்புறையிலுள்ள 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' என்பதற்குள் 'ஹெச்டிஎம்எல்' என்ற கோப்புறைக்குப் போய், 'இண்டெக்ஸ்' என்ற பெயரில் உங்கள் சொந்தப் பக்கத்தை வையுங்கள். வரவேற்புப் பக்கம் மறைந்து உங்களுடையது வரும். பிறகு வேண்டுமென்றே அந்தக் கோப்பைப் படிக்கும் அனுமதியை மற்றவர்களிடமிருந்து நீக்கிப் பாருங்கள். 403 வரும். என்ஜின்எக்ஸ் உங்கள் பெயரில் இயங்காமல் தனக்கென உள்ள வேறொரு பயனர் பெயரில் இயங்குவதால், அந்தப் பயனர் படிக்க முடியாத கோப்பை அதனால் கொடுக்க முடியாது. சர்வர் அமைக்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த அனுமதிச் சிக்கல்தான் என்பதால், அதை நீங்களே உண்டாக்கி நீங்களே சரிசெய்து பழகுவது நல்லது.

இத்தனையும் கைவந்த பிறகு வெளியுலகத்தைப் பற்றி யோசிக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய நிறுவனம் தந்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள் என்று பொருள். அப்போது ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உங்கள் போர்டை வந்தடைய முடியாது. பொது முகவரி கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை. போர்ட்டைத் திறந்ததும், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளின் நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டுத் தட்டும் தானியங்கி நிரல்கள் உங்கள் பதிவேட்டில் வரிசையாக விழத் தொடங்கும். அந்த வரிகளைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறவர்தான் கதவைத் திறக்க வேண்டும்.

கேள்வி: பயனர் பெயர் 'பை', கடவுச்சொல் 'ராஸ்பெர்ரி' என்று காணொளியில் சொல்கிறார்கள். என் போர்டு அதை ஏற்க மறுக்கிறது. (வாசகர், ஓசூர்)

பதில்: அது பழைய காணொளி. எல்லோருக்கும் பொதுவான அந்தப் பயனர் கணக்கு ராஸ்பெர்ரி பை இயங்குதளத்திலிருந்து 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. இமேஜர் நிரலால் இயங்குதளத்தை எஸ்டி கார்டில் எழுதும்போதே உங்களுக்கான பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம் ஆகியவற்றைக் கொடுத்து, வேறொரு கணினியிலிருந்து போர்டுக்குள் நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்வெட்டு அதிகம். இரண்டு முறை எஸ்டி கார்டு கெட்டு, போர்டு தொடங்கவே இல்லை. இதை சர்வராக நம்பலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: நம்பலாம், ஆனால் கார்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. எழுத வேண்டிய தகவலைக் கணினி சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகுதான் கார்டில் எழுதுகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு மட்டுமல்லாமல் அருகிலிருக்கும் கோப்புகளும் சிதையலாம். இப்படி மூன்று வாரம் எழுதிச் சேர்த்த பக்கங்களை ஒரே இரவில் நான் இழந்திருக்கிறேன். நகல் எடுத்து வைக்காதது முழுக்க என் தவறு.

கைப்பேசி சார்ஜரில் போர்டை ஓட்டுகிறீர்களா என்பதையும் பாருங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் பதிவில் 'அண்டர்வோல்டேஜ்' என்ற எச்சரிக்கை விழும். அது தென்பட்டால் மின்வெட்டைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரையும் கேபிளையும் மாற்றுங்கள். ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் சிறு யுபிஎஸ்ஸை நேரடியாக போர்டில் செருகிவிடாதீர்கள், போர்டு எரிந்துவிடும். பக்கங்களை மாற்றாத நாட்களில் அமைப்பு நிரலிலுள்ள 'ஓவர்லே' வசதியை இயக்கி வைத்தால் கார்டில் எதுவும் எழுதப்படாது. மின்சாரம் போனாலும் கார்டு சிதையும் வாய்ப்பு மிகக் குறைவு. மாற்றம் செய்யும் நாளில் அதை அணைத்து, வேலையை முடித்து, பக்கங்களின் நகலை மடிக்கணினியில் எடுத்துக்கொண்ட பின் மீண்டும் இயக்குங்கள்.