கலர், சோடா, சர்பத்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை தொடங்கியதிலிருந்து குளிர்பானங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரன் ஆசையாக ‘ரூட் பியர்’ என்ற பானத்தை நீட்டினான். ஒரு வாய் குடித்ததும் முழங்கால் வலிக்குத் தடவும் தைலத்தைக் குடித்துவிட்டதைப் போல இருந்தது. இதை எப்படித்தான் விரும்பிக் குடிக்கிறார்களோ? (வாசகி, காரைக்குடி)

தங்கள் மூக்கு தங்களை ஏமாற்றவில்லை. ரூட் பியருக்கு மணம் சேர்ப்பவற்றுள் விண்டர்கிரீன் என்ற செடி முக்கியமானது. அந்தச் செடிக்கு மணம் தரும் மெத்தில் சாலிசிலேட் என்ற வேதிப்பொருளைத்தான் நம் ஊர் வலித் தைலங்கள் பலவற்றிலும் சேர்க்கிறார்கள். அந்த மணத்தை நாம் முதலில் அறிந்தது தாத்தா பாட்டியின் கட்டிலருகே. தங்கள் பேரன் அறிந்ததோ ஐஸ்கிரீம் மிதக்கும் கண்ணாடிக் குவளையில். நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, கசப்பு முதலிய சில சுவைகளே. இது இன்ன பானம் என்று நமக்குப் பெரும்பாலும் எடுத்துச் சொல்வது மூக்குதான். அந்த மூக்கு, ஒரு மணத்தைத் தான் முதலில் எங்கே சந்தித்தது என்பதை எளிதில் மறப்பதில்லை.

வேர்களையும் பட்டைகளையும் காய்ச்சி வீட்டிலேயே புளிக்கவைத்த பழைய பானம் ஒன்றைத்தான், பிலடெல்பியாவில் மருந்துக்கடை வைத்திருந்த சார்லஸ் ஹையர்ஸ் என்பவர் 1876-இல் அந்நகரில் நடந்த பெரும் கண்காட்சியை ஒட்டி ரூட் பியர் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை அந்நாளில் இதற்கு உயிர்நாடியாக இருந்தது. அதிலுள்ள சாஃப்ரோல் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவதாகத் தெரியவந்ததால், 1960-இல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. இன்று கிடைக்கும் ரூட் பியரில் பெரும்பாலும் செயற்கை மணமோ, சாஃப்ரோல் நீக்கப்பட்ட சாறோ இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரூட் பியரின் நெருங்கிய உறவினரான சார்சபரில்லா, நடு அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு கொடியின் வேரிலிருந்து வந்தது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் நம் நன்னாரி வேரைக் கண்டு அதற்கு ‘இந்தியச் சார்சபரில்லா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாவரவியலில் இரண்டுக்கும் உறவில்லை. நன்னாரி நம் எருக்கஞ்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் மணமும் வனிலாவின் பக்கம் சாய்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாசகர்களுக்குச் ‘சார்சி’ என்ற கறுப்புப் பானம் பழக்கமாயிருக்கும். சார்சபரில்லாதான் சுருங்கி அந்தப் பெயரில் நிற்கிறது. அடுத்த முறை பேரன் இங்கே வரும்போது தாங்கள் நன்னாரி சர்பத்தை நீட்டிப் பாருங்கள். அவன் முகம் எப்படிப் போகிறது என்பதை எனக்கு ஒரு கடிதத்தில் எழுதினால் மகிழ்வேன்.

கோலி சோடா நம் ஊர்க் கண்டுபிடிப்பா? அது ஏன் மறைந்தது? (வாசகர், சாத்தூர்)

சோடா நம்முடையதாகிவிட்டது, பாட்டில் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தக்கைக்குப் பதிலாக, சோடாவுக்குள் அடைபட்டிருக்கும் வாயுவையே மூடியாக வேலை வாங்கியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால் கோலி கழுத்துக்கு உருண்டு வரும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதை வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ அழுத்தினால் ‘புஸ்’ என்ற ஓசையோடு கோலி உள்ளே இறங்கி, கழுத்தில் அதற்கென்றே இருக்கும் பள்ளத்தில் தங்கும்.

பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892-இல் காப்புரிமை பெற்ற தகர மூடி வந்த பிறகு, கனமான, கழுவுவதற்குக் கடினமான இந்தப் பாட்டிலுக்கு மேலைநாடுகளில் வேலை இல்லாமல் போயிற்று. ஜப்பானில் மட்டும் ‘ராமுனே’ என்ற பானம் இன்றும் கோலி பாட்டிலில் வருகிறது. ‘லெமனேட்’ என்ற சொல் ஜப்பானியர் வாயில் அப்படி மாறியது. நம் நாட்டிலும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. திருவிழாக் கடைகளில் பன்னீர் சோடாவோடு அது அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்கிறது. ஒருமுறை வடநாட்டு நண்பர் ஒருவர், பன்னீர் சோடா என்று கேட்டதும் பாலாடைக்கட்டி மிதக்குமோ என்று அஞ்சிப் பின்வாங்கினார். ரோஜாப் பன்னீர் என்று விளக்கிக் குடிக்கவைக்கப் பெரும்பாடாயிற்று.

1977 முதல் 1993 வரை இந்தியாவில் கோக-கோலா இல்லை என்கிறார்களே, அந்தக் காலத்தில் மக்கள் என்ன குடித்தார்கள்? அந்த இடைவெளி நம் சுவையை மாற்றியதா? (கல்லூரி மாணவர், திருச்சி)

மாற்றியது என்பதே என் கருத்து. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தை ஏற்க மறுத்தும், பானத்தின் செய்முறையை வெளியிட மறுத்தும் கோக-கோலா 1977-இல் வெளியேறியது. அந்த வெற்றிடத்தை நிரப்ப அரசே முன்வந்தது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் செய்முறையை வகுக்க, மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் என்ற அரசு நிறுவனம் அதைத் தயாரிக்க, ஆட்சி மாறிய ஆண்டின் பெயரையே தாங்கி ‘77’ வந்தது. வந்த வேகத்தில் மறைந்தும் போனது. ஆட்சி மாற்றத்தைப் பெயராகச் சூட்டிக்கொண்ட பானம் அடுத்த ஆட்சி மாற்றத்தைத் தாண்டுவது கடினம்தானே!

சந்தையில் நின்றவை தனியார் பானங்கள்: கேம்ப்பா கோலா, கோல்ட் ஸ்பாட், லிம்கா, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்ஸ் அப். அமெரிக்கக் கோலாவைவிடக் காரமும் வாயுவும் தூக்கலாக இருந்த தம்ஸ் அப்பில் ஒரு தலைமுறை முழுவதும் ஊறிப்போயிற்று. 1993-இல் திரும்பிவந்த கோக-கோலா அதை விலைக்கு வாங்கியும், தன் சொந்தப் பானத்துக்காக அதை ஒழித்துவிட முடியவில்லை. 2021-இல் தம்ஸ் அப்பின் ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைத் தொட்டதாக அந்நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. ‘கோலா என்றால் தொண்டையைக் கொஞ்சம் கடிக்க வேண்டும்’ என்று பலரும் எதிர்பார்ப்பது அந்தப் பதினாறு ஆண்டுகளின் மிச்சம் என்று நினைக்கிறேன்.

கோல்ட் ஸ்பாட்டையும் லிம்காவையும் பற்றி ஒரு துணைச் செய்தி. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் நீரைவிட இலேசானவை. அப்படியே சேர்த்தால் பாட்டிலின் கழுத்தில் வளையமாக மிதந்து நிற்கும். அவை நீரோடு கலந்தே இருப்பதற்காகத் தாவர எண்ணெயில் புரோமினை ஏற்றி, எடையைச் சமப்படுத்திச் சேர்த்துவந்தார்கள். உடல்நலக் கேடு கருதி 1990-இல் இந்தியா அதைத் தடை செய்தது. அமெரிக்கா அதே முடிவுக்கு வந்தது 2024-இல்தான்.

தமிழ்நாட்டுக் கதை சற்று வேறு. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ, கோக-கோலா இருந்தபோதும் இருந்தது, போனபோதும் இருந்தது. திராட்சையின் சாயல் கொண்ட அதன் சுவை எந்த அமெரிக்கக் கோலாவோடும் ஒத்துப்போவதில்லை. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, பலரும் அதைத் தேடிச் சென்றார்கள்.

வளைகுடாவில் நோன்புக் காலத்தில் விம்டோ இல்லாத வீடே இல்லை. அது அரபு நாட்டுப் பானமா? (வாசகர், கீழக்கரை)

இல்லை. மான்செஸ்டரில் 1908-இல் ஜான் நோயல் நிக்கல்ஸ் உடலுக்கு வலுவூட்டும் டானிக்காக உருவாக்கியது. ‘விம் டானிக்’ என்ற பெயர் பிறகு சுருங்கியது. திராட்சை, ராஸ்பெரி, கருந்திராட்சையை ஒத்த பிளாக்கரன்ட் ஆகியவற்றின் சாறுகளோடு மூலிகை மணமும் கலந்த கெட்டியான பாகு அது. பகல் முழுவதும் உண்ணாமல் நீர் அருந்தாமல் இருப்பவருக்கு நீரும் சர்க்கரையும் ஒருசேரத் தேவைப்படும் மாலை நேரத்துக்கு அது பொருந்திப்போனதில் வியப்பில்லை.

ஜப்பானில் வெள்ளரிக்காய்ப் பெப்சி விற்றதாகப் படித்தேன். உண்மையா, வேடிக்கையா? (பள்ளி ஆசிரியை, தேனி)

உண்மைதான். 2007 கோடையில் ‘ஐஸ் குக்கம்பர்’ என்ற பெயரில் இளம்பச்சை நிறத்தில் அது வந்தது. அதன் பிறகு ஷிசோ என்ற ஜப்பானிய மூலிகை இலை, இனிப்புச் செம்பயறு என்று சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இவை குறுகிய காலத்துக்கு மட்டும் விற்றுத் தீர்வதற்கென்றே செய்யப்பட்டவை. ‘நானும் குடித்துப் பார்த்தேன்’ என்று சொல்லிக்கொள்வதற்காக வாங்குபவர்களே இலக்கு. அமெரிக்காவில் ஜோன்ஸ் சோடா நிறுவனம் 2003-இல் நன்றி நவிலும் நாளையொட்டி வான்கோழிக் கறிக் குழம்பின் சுவையில் வெளியிட்ட சோடாவும் இதே வகை.

வேடிக்கைக்காக இன்றி, பல ஆண்டுகளாக மக்கள் நாள்தோறும் அருந்தும் வினோதப் பானங்கள்தாம் என்னைக் கவர்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1952 முதல் விற்கும் ரிவெல்லா, பால் திரிந்த பின் எஞ்சும் தெளிநீரிலிருந்து தயாராகிறது. பாலிலிருந்து பிறந்த சோடாவா என்று நாம் முகம் சுளிக்கலாம். மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் குடிப்பவர்களுக்கு அந்த உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

எங்கள் நாட்டில் சோடாப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று அடையாளம் இடுகிறார்கள். இதனால் சுவை மாறுமா? சீனி குறைத்த சோடாக்கள் ஏன் வாயில் வேறு மாதிரி நிற்கின்றன? (வாசகி, யாழ்ப்பாணம்)

இலங்கையில் 2016 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறையில், 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. இப்படி ஒரு கோடு கிழிக்கப்பட்டால், உற்பத்தியாளர்கள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கப் பார்ப்பார்கள். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கான வரி வந்தபோது, வரம்பு 100 மில்லிக்கு 5 கிராம். ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான அயர்ன்-புரு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே 10.3 கிராமிலிருந்து 4.7 கிராமுக்கு இறங்கியது. பழைய பானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியவர்கள் உண்டு, மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டியவர்களும் உண்டு. கடைசியில் 2019-இல், சர்க்கரை மிகுந்த பழைய செய்முறை ஒன்றை ‘1901’ என்ற பெயரில் அந்நிறுவனம் தனியே விற்கத் தொடங்கியது.

1985-இல் கோக-கோலா பட்ட பாடும் இதற்கு முன்னோடிதான். சுமார் 2 லட்சம் பேரிடம் சுவை பார்க்கச் சொல்லி, பலருக்கும் பிடித்தது என்று உறுதி செய்துகொண்டு, பழைய பானத்தை நிறுத்திவிட்டு, அதைவிட இனிப்பான ‘நியூ கோக்’ கொண்டுவந்தார்கள். 79 நாட்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. ஒரு மிடறு குடிக்கும்போது சற்றுக் கூடுதல் இனிப்பு பிடிக்கும். ஒரு பாட்டில் முழுவதும் குடிக்கும்போது அதுவே திகட்டும். பழகிய பானத்தைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்ற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது.

தங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். சீனியின் இனிப்பு உடனே எழுந்து உடனே அடங்கும். சுக்ரலோஸ், அஸ்பார்டேம் போன்றவற்றின் இனிப்பு சற்றுத் தாமதித்து வந்து, விழுங்கிய பிறகும் நாக்கிலேயே தங்கிவிடும். சீனி தரும் கனமும் வாய்க்குக் கிடைப்பதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்கென்று இவற்றை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியதையும் நினைவிற்கொள்ளலாம்.

குளிர்ச்சி போன கலர் ஏன் அவ்வளவு திகட்டுகிறது? பானகமும் நன்னாரி சர்பத்தும் பாட்டில் பானங்களைவிட நல்லவைதானே? (வாசகர், ஸ்ரீரங்கம்)

நாக்கில் இனிப்பை உணரும் உயிரணுக்கள் வெப்பம் கூடக்கூடக் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கலரில் மறைந்திருந்த சர்க்கரை, குளிர்ச்சி போனதும் முழுதாக வெளிப்படுகிறது. கூடவே வாயுவும் வெளியேறிவிடுவதால், இனிப்பை மட்டுப்படுத்திய அந்தச் சுருக்கென்ற கடியும் போய்விடுகிறது. 100 மில்லி கோலாவில் ஏறக்குறைய 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு; 300 மில்லி பாட்டில் ஒன்றில் ஏழெட்டுத் தேக்கரண்டி. அத்தனையையும் வெந்நீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னால் எவரும் குடிக்கமாட்டார்கள்.

பானகத்தைப் பற்றித் தாங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் முழுமையாகத் தர இயலாது. வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரைதான்; கடையில் வாங்கும் நன்னாரிப் பாகிலும் வேரைவிடச் சர்க்கரையே மிகுதி. ஆனால் வீட்டில் கரைக்கும்போது அளவு நம் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ராம நவமிக்குக் கரைக்கும் பானகத்தில் வெல்லத்தை மெல்ல மெல்லக் குறைத்து, சுக்கையும் எலுமிச்சையையும் கூட்டிக்கொண்டே வந்தோம். முதல் ஆண்டு எல்லோரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் ஆண்டு, உறவினர் வீட்டில் வழக்கமான இனிப்போடு கொடுத்த பானகத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தவர்களும் அவர்களேதான்.