ஊருணி மண்: 400 யூனிட்டா, 256 யூனிட்டா?

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஊருணியை ஆழப்படுத்தினோம். 120க்கு 120 அடி. கான்ட்ராக்டர் ஒன்பது இடத்தில் அளந்து, சராசரி போட்டு, 400 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் என்று பில் தருகிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய அளவுப்படி 30 அடிக்கு ஒரு கயிறு கட்டி அளந்திருக்கிறார்கள்: வெட்டிய ஆழம் நடுவில் 4 அடி, அதன் நாலு பக்கமும் 3, மூலைவாக்கில் இரண்டேகால். மொத்தம் 25, ஒன்பதால் வகுத்துப் பரப்பால் பெருக்கினால் 400 யூனிட் வரத்தான் செய்யும். ஆனால் கரையோரம் பதினாறு புள்ளியில் வெட்டு பூஜ்யம், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி, அவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் 144 யூனிட்தான் வரும், அது வேலை செய்தவர் வயிற்றில் அடிப்பது.

இதற்குச் சிம்சன் விதி இருக்கிறது: ஒவ்வொரு புள்ளியின் அளவுக்கும் ஒரு எடை கொடுத்துக் கூட்டி, வளைந்த குழியின் கன அளவைக் கணக்கிடும் முறை. நெடுக்கே ஐந்து கயிற்றுக்கும் 1, 4, 2, 4, 1 என்று எடை, குறுக்கேயும் அதே, இரண்டையும் பெருக்குங்கள். நடுப்புள்ளிக்கு 4, பக்கத்து நாலுக்கும் 8, மூலைவாக்கு நாலுக்கும் 16. ஆழத்தோடு பெருக்கினால் 16, 96, 144, கூட்டினால் 256. 30 அடியின் வர்க்கத்தை ஒன்பதால் வகுத்தால் 100 சதுர அடி, அதை இந்த 256 அடியால் பெருக்கினால் 25,600 கன அடி. ஆக 256 யூனிட், அவ்வளவுதான். கல்லூரியில் இதை மார்க்குக்காக ஒப்பிக்க வைக்கிறார்கள், அளவுப் புத்தகத்தில் எழுதும்போது மட்டும் எல்லோருக்கும் சராசரி போதுமாகிவிடுகிறது!

ஒரு இடத்தில் மட்டும் இந்த விதி காலை வாரும். குழி வழவழப்பாகச் சரிந்தால்தான் செல்லும். நம் ஊருணிகளில் ஒரு பக்கம் செம்புறாங்கல் சுவரோ படித்துறையோ இருக்கும், அங்கே ஆழம் திடீரென்று விழும். அதன் குறுக்கே கயிறு போட்டால் விடை கெட்டுவிடும், கயிற்றை நெருக்கினாலும் லேசில் சரியாகாது. சுவர் அடியை எல்லையாக வைத்து ஊருணியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். படிகளைத் தனிச் செவ்வகங்களாகவே போட்டுவிடலாம்.

"சண்டை எதற்கு, டிப்பர் லோடு எண்ணிக்கொள்வோம்" என்று இடையில் ஒரு புரோக்கர் வருவார். விடவே விடாதீர்கள். வெட்டிய மண் பொலபொலத்துப் பெருகும், குழியில் இருந்ததைவிட லாரியில் கூடுதலாகத்தான் தெரியும், அந்த வித்தியாசம் அவர் பைக்குப் போகும்.

பில்லைத் திருப்பிக் கொடுத்து, கரையோரப் பூஜ்யங்கள் உட்பட 25 புள்ளியின் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.