பதிவு செய்யாத, ஐயர் வைக்காத கல்யாணத்தை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது?

கேட்டவரின் நிலைமை இது: 1986-ல் குலதெய்வக் கோயிலில், சொந்தபந்தம் முன்னால் அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டியிருக்கிறார். ஐயரும் இல்லை, பதிவும் இல்லை. அப்பா இறந்ததும் தாத்தா சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டால், "அவள் அண்ணன் பெண்டாட்டியே இல்லை" என்று சித்தப்பா எதிருரை கொடுத்திருக்கிறார்.

சிவில் பக்கம் வக்கீலாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பதிவு இல்லை என்பதை நினைத்து அம்மா கவலைப்பட வேண்டாம். பதிவு செய்யாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009-ல்தான் வந்தது.

சித்தப்பாவின் வக்கீல் பிடித்துத் தொங்கப்போவது ஐயர், அக்கினி, ஏழடி (அக்கினி முன் மணமக்கள் சேர்ந்து ஏழு அடி வைப்பது) இவற்றைத்தான். 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்று சொன்னது உண்மை. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அண்ணா ஆட்சியில், 1967-ல், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இரண்டு இந்துக்கள் தாலி கட்டிக்கொண்டால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும் சரிதான். ஏழடி நடக்கவில்லை என்ற வாதத்தை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

அதனால் பிராதில், அதாவது நீங்கள் போட்ட வழக்கு மனுவில், என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "எங்கள் சமூக வழக்கப்படி" என்று மட்டும் இருந்தால், அந்த வழக்கம் நெடுங்காலமாக, மாறாமல், ஒரே சீராக இருந்துவருகிறது என்று காட்டுகிற சுமை உங்கள் தலையில் விழும். எதற்கு வம்பு? 7-ஏ-வை முதலில் வையுங்கள், வழக்கத்தை மாற்று வாதமாக வையுங்கள். திருத்த மனு போடுவதென்றால் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், பிறகு அனுமதி வாங்குவது பெரும்பாடு.

சாட்சியத்தில் என்னைக் கேட்டால், தகராறுக்கு முந்தைய காகிதம்தான் தங்கம். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், அப்பாவின் எல்ஐசி வாரிசு நியமனம் எல்லாம் எடுங்கள். அதைவிட முக்கியம், சித்தப்பா வீட்டு விசேஷப் பத்திரிகைகள். அவர் பிள்ளைகளின் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எதிலாவது "பெரியப்பா – பெரியம்மா" என்று உங்கள் அப்பா அம்மா பெயரைச் சேர்த்து அச்சடித்திருப்பாரே! அதைக் காட்டி, "இதை அச்சடிக்கக் கொடுத்தது நீங்கள்தானே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன பதில் சொல்வார்? சுற்றமும் நட்பும் இருவரையும் கணவன் மனைவியாக நடத்தியது பொருத்தமான சாட்சியம் என்று சாட்சியச் சட்டமே உதாரணத்தோடு சொல்கிறது (பழைய சட்டத்தில் 50-வது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 44). தாத்தா எழுதிய உயிலோ பத்திரமோ "என் மருமகள்" என்று சொன்னால் அதையும் விடாதீர்கள்.

மொய் நோட்டு இருக்கிறதா என்று பரணில் தேடுங்கள். நோட்டே கல்யாணத்தை நிரூபித்துவிடாது. ஆனால் யார் யார் வந்தார்கள் என்று தெரியும், அதில் உயிரோடு இருப்பவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் போதும். முகூர்த்த நேரம், புடவை நிறமெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். நாற்பது வருடம் முந்தைய புடவை நிறத்தை இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒப்பித்தால் எந்த நீதிபதிக்கும் சந்தேகம் வரும்.

நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்ததே திருமணம் நடந்ததாக ஊகிக்க இடம் தரும். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி விஷயத்தில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இது சிவில் வழக்குக்கு. இருதார மணக் குற்ற வழக்கில் இந்த ஊகம் எடுபடாது, அங்கே கல்யாணம் நடந்ததை நேரடியாகவே நிரூபிக்க வேண்டும். இணையத்தில் அந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. 1986-ல் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முந்தைய துணை உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் அம்மாவைக் காப்பாற்றாது. இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவில் பிள்ளைகளுக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல் இன்றைக்கே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.